கூலி பாக்கியா, கொத்தடிமையா?

திருவனந்தபுரத்துக்கு வந்தவர் எவரும் கிழக்கேகோட்டையைக் காணாது திரும்புவதில்லை. பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிறவருக்கும் அதுவே வழி. சாலைக் கடைத்தெருவில் சரக்கெடுக்க வருகிறவருக்கும் அதுவே வழி. அக்கடைத்தெருவில் தமிழ் ஒலிக்காத நேரம் இல்லை என்றே சொல்லலாம். தலைமுறை தலைமுறையாக இங்கே வாணிபம் செய்துவரும் தமிழர்கள் உண்டு. என்னைப்போல மாதச் சம்பளத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. விடியற்காலையில் தூக்குச்சட்டியும் மட்டக்கோலுமாக ஓரத்தில் நின்று, வண்டி வந்ததும் ஏறிச் செல்லும் கொத்தனார்களும் சித்தாள்களும் உண்டு. ஒரு காலத்தில் கேரளத்துக் கட்டடங்களுக்கு வெளியூர்க் கைகள் என்றால் அவை பெரும்பாலும் தமிழ்க் கைகளே. இன்று வங்காளம், அஸ்ஸாம், ஒரிஸ்ஸா ஆகிய இடங்களிலிருந்து வருகிறவர்கள் அவர்களை எண்ணிக்கையில் மிஞ்சிவிட்டனர். ஆயினும் தமிழர்கள் வருவது நின்றுவிடவில்லை.

கோட்டை வாயிலைக் கடந்து கோயிலுக்குள் சென்றால் கண் எட்டும் தூரம்வரை கல்தூண்கள் நிற்கின்றன. அந்தச் சீவேலிப்புரையை எழுப்ப 4,000 கற்சிற்பிகளும் 6,000 வேலையாட்களும் 100 யானைகளும் சில மாதங்கள் உழைத்தனர் என்று கோயில் வரலாறு கூறும். ஒற்றைக்கல் மண்டபத்துக்கான பாறை அருகிலுள்ள திருமலையில் வெட்டி இழுத்துவரப்பட்டது. மன்னர் மார்த்தாண்டவர்மர் காலத்துப் பணி அது. நாட்டை ஆண்டவர் பெயர் நமக்குத் தெரிகிறது; யானைகளின் தொகையும் தெரிகிறது; அந்த 6,000 பேரில் ஒருவர் பெயரும் நம் காதுக்கு வந்து சேரவில்லை. அக்காலத் திருவிதாங்கூரில் ஊழியம் என்று ஒரு முறை வழங்கிவந்தது. அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் சில சாதியார் கூலியின்றி உழைத்துக் கொடுக்கவேண்டும் என்பதே அதன் பொருள். அடிமைகளை வாங்குவதும் விற்பதும்கூட இந்நாட்டில் நடந்ததுதான். 1855-ஆம் ஆண்டில் அரச பிரகடனத்தால் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது. ஊழியம் என்ற சொல் மட்டும் பிழைத்துக்கொண்டு நல்ல பொருளைத் தேடிக்கொண்டது. நானே ஓர் அரசாங்க ஊழியன்; மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிறவன்.

சொற்களை எடைபோடுவது என் தொழில். மத்திய அரசாங்கத்தின் காகிதங்களைத் தமிழாக்குவதில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. இருந்தும், ஒரு சொல்லைத் தவறாகப் போட்டு ஒரு குடும்பத்தின் வழக்கையே நான் கெடுத்துவிட்டேன். அந்தத் தவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்லவே இப்பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்கேகோட்டையில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். கையில் தமிழ்ப் பத்திரிகை இருந்தது. அதைப் பார்த்துவிட்டு முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர், கொத்தனார். மனைவி சித்தாள் வேலை செய்கிறாள். இருவரும் நகரத்தின் புறத்தே எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வேலைக்கு இருந்தனர். “கணக்கு ஒண்ணு பார்த்துச் சொல்லணும் சார்” என்று பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றை நீட்டினார்.

கணக்கு இதுதான். ஊரிலேயே மேஸ்திரி 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்து இருவரையும் அழைத்துவந்திருக்கிறார். நாளொன்றுக்குக் கணவனுக்கு 850, மனைவிக்கு 600 என்று பேச்சு. பதினொரு வாரம், வாரத்துக்கு ஆறு நாள், ஆக 66 நாள் வேலை நடந்திருக்கிறது. கூலி 95,700 ரூபாய் ஆகிறது. சாப்பாட்டுச் செலவு என்று வாரம் 2,500 கையில் கொடுத்திருக்கிறார்கள், அது 27,500. முன்பணத்தையும் சேர்த்துக் கழித்தாலும் இவர்களுக்கு இன்னும் 28,200 ரூபாய் வரவேண்டும். ஆனால் மேஸ்திரியின் பேரேட்டில் இவர்கள் 6,000 ரூபாய் கடன்பட்டவர்கள்! மழை நாள் என்று ஒன்பது நாள் அடிக்கப்பட்டிருந்தது; அந்நாட்களில் உள்ளே பூச்சு வேலை செய்தோம் என்றார் இவர். தகரக் கொட்டகைக்கு வாடகை, ரயில் கட்டணம், ஆளொன்றுக்கு நாளுக்கு 50 ரூபாய் தரகு, மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கிய மருந்து, இப்படியாகப் பற்று ஏறிக்கொண்டே போயிருந்தது.

“கணக்கு சரியில்லை தம்பி. பேசாமல் ஊருக்குப் போய்விட்டால் என்ன?” என்று கேட்டேன்.

“போகலாம் சார். ஆதார் அட்டை, பேங்க் அட்டை எல்லாம் அவருகிட்ட இருக்குது. அதுவும் போகட்டும். பதினோரு வாரக் கூலி அங்கே நிக்குதே, அதை விட்டுட்டு எப்படிப் போறது? போனா, ஊர்ல எங்க அப்பாவைப் பிடிப்பாங்க. முன்பணம் வாங்கினப்போ அவருதான் கைநாட்டு வெச்சாரு.”

எனக்கு இரக்கம் வந்தது. அன்று மாலையே வீட்டில் அமர்ந்து ஒரு மனு எழுதினேன். நல்ல ஆங்கிலம், மலையாளத்தில் ஒரு படியும் செய்தேன். தலைப்பு, கூலி பாக்கி வசூலித்துத் தரக் கோருதல். உரிய அலுவலகத்தில் அது பெறப்பட்டது, விசாரணையும் நடந்தது. பெரிய ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து, இவர்கள் எங்கள் ஆட்கள் அல்லர் என்றார். உள்-ஒப்பந்தக்காரர், நான் மேஸ்திரிக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டேன் என்றார். மேஸ்திரி தம் பேரேட்டைக் காட்டினார். முடிவில் 9,000 ரூபாய்க்குச் சமாதானம் ஆயிற்று. அட்டைகள் திரும்பி வந்தன. நான் ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்டதாக எண்ணி அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஒரு நாள், வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் என் மனுவை வாங்கிப் படித்தார். “நீங்கள் எழுதியது கூலி பாக்கி. நடந்தது கொத்தடிமை. முன்பணத்தை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள்; அட்டைகள் பறிக்கப்பட்டதைக் கடைசியில் ஒட்டவைத்திருக்கிறீர்கள்; போக முடியாமல் இருந்தார்கள் என்பதைச் சொல்லவே இல்லை” என்றார். நான் வாயடைத்துப் போனேன். கொத்தடிமை என்றால் செங்கல் சூளையிலும் பண்ணையிலும் தலைமுறைக் கடனில் கிடப்பவர் என்பதே என் நினைப்பு. நாளுக்கு 850 ரூபாய் கூலி பேசிய கொத்தனாரை அந்தச் சொல்லால் குறிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று. உழைத்தவனுக்குக் கூலி வரவில்லை, ஆனால் அவன் விரும்பினால் வெளியேறலாம் என்றால் அது கூலி பாக்கி. வெளியேற முடியாதபடி கடனாலோ, நிறுத்திவைத்த கூலியாலோ, பறித்த காகிதங்களாலோ, மிரட்டலாலோ அவன் பிணிக்கப்பட்டிருந்தால் அது வேறு பொருள். சங்கிலியைத் தேடுகிறவர் கண்ணுக்குச் சங்கிலி தென்படாது; பேரேட்டைத்தான் பார்க்கவேண்டும்.

நம் அரசியல் சட்டத்தின் 23-ஆவது ஷரத்து மனிதரை விற்று வாங்குவதையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. அந்த ஷரத்தின் ஆங்கில வாசகத்திலேயே ‘பேகார்’ என்ற வடநாட்டுச் சொல் அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடான சொல் கிடைக்கவில்லை போலும். தமிழில் அந்தக் குறை இல்லை. இருப்பது நமக்குப் பெருமையும் அன்று. வெட்டி என்றும் அமஞ்சி என்றும் ஊழியம் என்றும் நம்மிடம் சொற்கள் உண்டு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே வெட்டி வருகிறது. இன்றும் பயனற்ற வேலையை வெட்டி வேலை என்கிறோம். கூலியற்ற வேலை என்ற பழம்பொருள் அதனடியில் உறங்குகிறது.

அந்த ஷரத்துக்கு உயிர் கொடுத்த தீர்ப்பு கட்டடத் தொழிலைப் பற்றியதே என்பது நாம் அறியவேண்டிய செய்தி. 1982-ஆம் ஆண்டு நவம்பரில் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதற்கு முன்பு மேம்பாலங்களும் விளையாட்டரங்குகளும் தங்கும் விடுதிகளும் இரவுபகலாக எழும்பிக்கொண்டிருந்தன. ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் ஜமேதார்கள் ஆள் திரட்டி வந்தனர். ஜமேதார் என்றால் நம் மேஸ்திரிதான். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி அப்போது நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர் அதை ஜமேதாரிடம் கொடுத்தார். ஜமேதார் தலைக்கு ஒரு ரூபாய் தரகு பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார். பெண்களின் கைக்கு வந்தது 7 ரூபாய். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் என்ற அமைப்பு இதை உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதமாக எழுத, நீதிபதி பகவதி அதையே மனுவாக ஏற்றுக்கொண்டார்.

அரசாங்கத் தரப்பின் விடை நமக்குப் பழக்கமானதுதான். இவர்கள் எங்கள் வேலையாட்கள் அல்லர், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்றனர். கிழக்கேகோட்டைக் கொத்தனாரின் விசாரணையில் நான் கேட்ட அதே சொற்கள்! நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டதால் முதன்மை வேலையளிப்பவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்றது. 1982 செப்டம்பர் 18-ஆம் நாள் பிறந்த அத்தீர்ப்பில் இன்னொரு கருத்தும் உண்டு; அதுவே முதன்மையானது. பலவந்தம் என்பது அடியும் உதையும் மட்டும் அன்று. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமையும் ஒருவனைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்கச் செய்தால் அதுவும் கட்டாய உழைப்பே என்று நீதிபதிகள் கூறினர். ஒரு ரூபாய் தரகு என்று எளிதாகத் தள்ளிவிடக்கூடியதை அவர்கள் அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமையோடு சேர்த்து எடைபோட்டனர். கட்டட வேலை ஆபத்தான வேலை; ஆதலால் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அதில் சேர்க்கலாகாது என்பதும் அத்தீர்ப்பிலேயே வந்தது.

அடுத்த ஆண்டு, 1983 டிசம்பரில், கட்டடத்தின் அடிப்படைக்கே நீதிமன்றம் சென்றது. டில்லியை அடுத்த பரீதாபாத் கல்குவாரிகளில் உடைபட்ட கல்தான் தலைநகரத்துக் கட்டடங்களுக்குப் போயிற்று. அங்கே தொழிலாளர்கள் கல்லின்மேல் கல்லடுக்கி, மேலே வைக்கோல் போட்ட குடிசைகளில் வாழ்ந்தனர். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. ஓடையின் அழுக்கு நீரே குடிநீர். பந்துவா முக்தி மோர்ச்சா என்ற கொத்தடிமை விடுதலை இயக்கம் தொடுத்த அவ்வழக்கில், ஒருவர் கட்டாய உழைப்புச் செய்கிறார் என்று தெரிந்தால் அது முன்பணத்தாலோ வேறு நன்மையாலோ விளைந்தது என்றே முதலில் கொள்ளவேண்டும், அப்படி இல்லை என்று காட்டும் சுமை வேலை வாங்கியவருடையது என நீதிமன்றம் கூறியது. இது எவ்வளவு பெரிய செய்தி என்பதைப் பேரேடு யார் கையில் இருக்கிறது என்று எண்ணிப்பார்த்தால் விளங்கும்.

அந்தப் பேரேடு தமிழருக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தைவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் அவன் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு அவனோடு போகும். புதிய துரை அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். ஆள் மாறுவான், கடன் மாறாது. கங்காணி இடையில் நின்றார். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் அத்துண்டு முறையை ஒழித்தது. இந்தியாவிலோ, முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத கைவினைஞனையும் கூலியாளையும் சிறைக்கு அனுப்ப 1859-இல் ஒரு சட்டமே இயற்றியிருந்தார்கள். அது 1926 வரை நடைமுறையில் இருந்தது. முன்பணம் வாங்கியவன் திருடன் என்ற எண்ணம் அக்காலத்தில் நம் ஊர்களில் ஊன்றியது. சட்டம் போய்விட்டது, எண்ணம் போகவில்லை.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது இன்றும் நடப்பில் உள்ளது. அதன்படி கொத்தடிமைக் கடன் அழிந்த கடன். அதைத் திருப்பிக் கட்டவேண்டியதில்லை; வசூல் செய்கிறவர் குற்றவாளி. கொத்தடிமையாக வைத்திருந்தவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இந்த 2,000 ரூபாய் 1976-ஆம் ஆண்டின் 2,000 ரூபாய். அதை இன்னும் உயர்த்தாமல் வைத்திருப்பது வேடிக்கையாக இருக்கிறது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அன்று என்று மெய்ப்பிக்கவேண்டியவர் கடன் கொடுத்தவர். நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் ஜில்லா கலெக்டரிடமும் அவருக்குக் கீழுள்ள அதிகாரிகளிடமும் இருக்கிறது. மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தரவேண்டும். மத்திய அரசாங்கத்தின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், பிறகு நிலைமைக்கேற்ப 1 லட்சம் முதல் 3 லட்சம் வரையும் கிடைக்கும். முழுத் தொகை வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருப்பதால் அது கைக்கு வரத் தாமதமாகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். என் மனுவில் அந்தச் சொல் இருந்திருந்தால், 9,000 ரூபாய்ச் சமாதானத்துக்கு முன் 40,000 ரூபாய்க் கடனைப் பற்றிய கேள்வி எழுந்திருக்கும்.

இனி, இது எப்படி விளைகிறது என்று பார்ப்போம். வீடோ மாளிகையோ கட்ட விரும்புகிறவர் பெரிய ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்கிறார். அவர் சென்ட்ரிங் வேலையை ஒருவரிடமும், கம்பி கட்டுவதை ஒருவரிடமும், பூச்சை ஒருவரிடமும் பிரித்துக் கொடுக்கிறார். அவர்கள் மேஸ்திரிகளிடம் தலைக்கணக்கிலோ சதுர அடிக்கணக்கிலோ விடுகின்றனர். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு பங்கு பிடிக்கப்படுகிறது; பணமும் தாமதமாகவே இறங்குகிறது. மேலே இரண்டு மாதம் பில் நின்றால், கீழே மேஸ்திரி தம் கையிலிருந்து வாரச் செலவு கொடுத்து ஆட்களைப் பிடித்துவைக்கவேண்டியதாகிறது. ஆள் போய்விட்டால் முன்பணம் போயிற்று. எனவே அட்டைகளை வாங்கிவைக்கிறார். கூலியைக் கடைசியில் தருகிறேன் என்கிறார். மேஸ்திரிகளில் பலர் தாமும் ஒரு நாள் கரண்டி பிடித்தவர்களே. அவர்களை மட்டும் அரக்கராக்கிவிட்டால் மேலே இருப்பவர்கள் எளிதில் தப்பிவிடுவார்கள். தாமதமும் மலிவு விலையும் மேலிருந்து இறங்குகின்றன. கயிறு கீழே இறுகுகிறது.

ஆட்களின் வரிசை இப்படியென்றால், பொருள்களின் வரிசை இன்னும் நீண்டது. செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் ஆகியவை எல்லை தாண்டியும் வருகின்றன. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கங்களில் செங்கல் சூளைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் பல முறை மீட்கப்பட்டிருப்பது யாவரும் அறிந்ததே. ஒரிஸ்ஸாக் குடும்பங்களும் அங்கே மீட்கப்பட்டுள்ளன. சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்கே பேசப்படுகிறது. ஆகவே குழந்தையும் கல் திருப்புகிறது. அந்தச் செங்கல் லாரியில் ஏறிய பின் மற்றச் செங்கல்லைப் போலவே இருக்கிறது. நகரத்தில் வேலை நடக்கும் இடத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் சுவருக்குள் யார் உழைப்பு இருக்கிறது என்பது கேட்டாலன்றித் தெரியாது.

இதைக் கேட்க வைப்பதற்கென்றே மேல்நாடுகளில் சட்டங்கள் பிறந்திருக்கின்றன. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நவீன அடிமை முறைச் சட்டம், ஆண்டு வரவு 3 கோடியே 60 லட்சம் பவுனுக்குக் குறையாத நிறுவனங்கள் தம் தொழிலிலும் தமக்குப் பொருள் தருவோரிடத்திலும் அடிமை உழைப்பு இல்லாதிருக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடவேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியா 2018-இல் அதைப் பின்பற்றியது. நம் நாட்டிலும் பங்குச் சந்தையில் முன்னிற்கும் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் தரவேண்டிய பொறுப்பறிக்கையில் கட்டாய உழைப்பு பற்றிய கேள்விகள் உண்டு. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர். இவ்வளவு பெரிய தீமைக்கு அறிக்கை ஒரு மருந்தாகுமா என்று கேட்கலாம். அறிக்கைகளை மொழிபெயர்த்தே வயதானவன் நான்; அவற்றின்மேல் எனக்கு அளவுகடந்த நம்பிக்கை இல்லை. பிரிட்டிஷ் சட்டப்படி, ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிக்கொடுத்தாலும் அறிக்கை அறிக்கையே. கத்தார் நாட்டில் நடந்தது இதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து. உலகக் கால்பந்துப் போட்டிக்கான அரங்குகள் கட்டப்பட்டபோது எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, முதலாளியின் தடையில்லாச் சான்று இன்றியே தொழிலாளி வேறு வேலைக்குப் போகலாம் என்று 2020-இல் அங்கே சட்டம் மாறியது. நடைமுறையில் குறைகள் இருந்தன. எனினும் வேலையை விட்டுப் போகும் உரிமை என்ற சரியான நரம்பில் அது கைவைத்தது.

தடுக்க விரும்பும் கட்டட நிறுவனம் செய்யக்கூடியவை மந்திரம் அல்ல. கூலியை மேஸ்திரி கையில் கொடுக்காமல் ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும், மனைவியின் கூலியை மனைவியின் கணக்கிலேயே, போடலாம். வங்கி அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் இந்த ஏற்பாடும் வீணே. ஊரிலிருந்து அழைத்துவரும் செலவையும் தரகையும் நிறுவனமே ஏற்றுக்கொண்டால் முன்பணத்தின் தேவையில் பாதி குறைந்துவிடும். கீழுள்ள ஒப்பந்தக்காரர்களின் பில்லைக் காலந்தவறாமல் கொடுப்பதும் அடிமை ஒழிப்புப் பணியே என்று நான் சொன்னால் யாரும் சிரிக்கவேண்டாம். செங்கல்லும் கல்லும் வாங்கும் இடத்துக்கு ஆண்டில் ஒரு முறை, முன்னறிவிப்பின்றி, தொழிலாளரின் மொழி தெரிந்த ஒருவரை அனுப்பலாம். அவர் முதலாளி பக்கத்தில் இல்லாதபோது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: நாளைக்கு ஊருக்குப் போகவேண்டுமென்றால் போகலாமா?

வெளிமாநிலத் தமிழரிடையே கரண்டி பிடிப்பவரும் உண்டு, காண்ட்ராக்டரும் உண்டு; பணி ஓய்வுக்குமுன் ஒரு வீடு கட்டிவிட முயலும் என் போன்றவர்களும் உண்டு. சதுர அடிக்கு யார் குறைவாகக் கேட்கிறார் என்று நான்கு இடத்தில் விசாரிக்கும் நாம், எப்படி அவ்வளவு குறைந்தது என்று அந்த நால்வரில் ஒருவரிடமேனும் கேட்பதுண்டா? என் வீட்டுக்குக் கடைக்கால் போட்டபோது நானும் கேட்கவில்லை.

சட்டத்தின் நிலையையும் சிறிது சொல்லவேண்டும். வெளிமாநிலத் தொழிலாளருக்கென 1979-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. கட்டடத் தொழிலாளருக்கென 1996-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்து இவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் மட்டுமன்றி, தாமாகவே மாநிலம் கடந்து வந்தவரும், மாதக் கூலி 18,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால், இப்போது வெளிமாநிலத் தொழிலாளராகக் கருதப்படுவார். பழைய சட்டத்தில் இருந்த இடப்பெயர்ச்சிப் படி புதியதில் இல்லை. ஊருக்குப் போய்வரும் பயணப்படி உண்டு. வாரக் கூலி என்றால் வாரக் கடைசி வேலை நாளில் தரவேண்டும். வேலையை விட்டு விலகியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்கவேண்டும். எக்காரணத்தாலும் பாதிக் கூலிக்குமேல் பிடிக்கக்கூடாது. கட்டடம் முடிந்ததும் மொத்தமாகத் தருகிறேன் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. கேரள அரசாங்கம் 2010-இலேயே வெளிமாநிலத் தொழிலாளருக்கு நலத்திட்டம் வகுத்தது. 2017-இல் ஆவாஸ் என்ற காப்பீட்டைத் தொடங்கியது. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் அவர்களுக்கென விடுதி கட்டியது. தகரக் கொட்டகை மேஸ்திரியுடையது என்றால் தொழிலாளி இரவிலும் அவர் கைக்குள்தான் இருக்கிறான். ஆதலால் விடுதி கட்டுவதை நான் சிறு காரியமாக எண்ணவில்லை.

அந்த விழுப்புரத்துக் கொத்தனாரை மறுமுறை ஒன்றரை ஆண்டு கழித்துக் கிழக்கேகோட்டையிலேயே கண்டேன். வேறொரு மேஸ்திரி, வேறொரு முன்பணம். பழைய கடனில் மீதி இருக்கிறது என்று ஊரில் கேட்டார்களாம். அதை அடைக்கவே இதை வாங்கினாராம். கட்டவேண்டியதே இல்லாத கடன் அது. அவருக்கு அது தெரியாது. தெரிந்திருக்கவேண்டிய நான் தெரிவிக்கவில்லை. அன்று அவரை உட்காரவைத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ எங்க அப்பா வெச்ச கைநாட்டு செல்லாதா சார்?” என்று கேட்டார்.

இப்போது யாராவது வந்து கேட்டால் நான் மனுவை வேறுவிதமாக எழுதுகிறேன். முதல் வரியிலேயே முன்பணம்: எந்த நாள், எந்த ஊரில், எவ்வளவு, யார் கொடுத்தது, யார் கையெழுத்து. அடுத்து, போகவேண்டும் என்று கேட்டீர்களா, எப்போது, என்ன விடை வந்தது. பிறகு அட்டைகள் யாரிடம் இருக்கின்றன. தங்கும் இடம் யாருடையது. கூலிக் கணக்கு அதற்குப் பின்புதான். வேலை நடக்கும் இடத்தின் வாசல் பலகையில் எழுதியிருக்கும் பெரிய ஒப்பந்தக்காரர் பெயரை, தெரிந்தவரை, எழுத்துப் பிசகாமல் சேர்க்கிறேன். மனுவை ஜில்லா கலெக்டருக்கு முகவரியிட்டு, தொழில் துறைக்கு ஒரு படி அனுப்பவேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற தொலைபேசி எண் நாடெங்கும் உண்டு.

மனுவை ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறை தீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் தரலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆவது ஷரத்து கூறுகிறது. கேரளத்தில் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே எழுத இடமளிக்கிறது. அந்தக் கொத்தனார் தம் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, தாமே தம் கையால் எழுத, நான் பக்கத்தில் இருந்து தேதிகளை மட்டும் சரிபார்த்தேன்.